எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது?

பங்கு இல்லத்தின் வாசலுக்கு வரும் கேள்விகள் காலத்துக்கேற்ப மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் ஞானஸ்நானச் சான்றிதழ், பள்ளியில் ஓர் இடம், துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ வேலைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் என்ற அளவில் அவை நின்றன. இப்போது இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தப் பங்கில் இருந்தாலும் புதிய கேள்வி ஒன்று வருகிறது. "ஃபாதர், கேம் ஆடறதுக்கு கம்ப்யூட்டர்ல எதை மாத்தினா நல்லா ஓடும்?" என்று பையன் கேட்பான். அதே வாரத்தில் அவனுடைய தந்தையோ தாயோ வந்து, "சாமி, பையன் பதினெட்டாயிரம் கேக்கறான். குடுக்கலாமா?" என்பார். கேட்பவர் இருவராயினும் கேள்வி ஒன்றே.

இதற்கும் குருவானவருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் வியக்கலாம். ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த இரண்டு கணிப்பொறிகள் எங்கள் இளைஞர் அறையில் இருக்கின்றன. அவற்றைச் சாகவிடாமல் காக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்தது. குருமடத்தில் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். ஆகவே திருப்புளி பிடிக்க எனக்குக் கூச்சமில்லை. மற்றவை பையன்களே கற்றுத் தந்தவை.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வடசென்னை விளையாட்டின் மண். உலகச் சாம்பியன் பட்டம் வென்ற மரிய இருதயத்தின் பெயர் நம் கேரம் கழகங்களில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிறது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். கணிப்பொறி விளையாட்டும் 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் பதக்கத்துக்குரிய ஆட்டமாக இடம்பெற்றுவிட்டது. பணம் வைத்து ஆடும் இணையச் சூது முற்றிலும் வேறு. அதை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்தது. எத்தனை நேரம் ஆடலாம் என்பது அந்தந்த வீட்டார் முடிவு செய்ய வேண்டியது. 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பெற்ற கார்லோ அகுதிஸ் தனக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டு ஆடினார் என்பதை நம் பையன்களிடம் சொன்னால், "அவரு செயின்ட் ஃபாதர்" என்று நழுவிவிடுகிறார்கள்.

பணத்தின் கேள்விக்கு வருவோம். குருமடத்தில் எமக்குத் தத்துவம் கற்பித்தவர்கள், எந்தக் கேள்விக்கும் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்ல விடமாட்டார்கள். முதலில் கேள்வியைப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே மிகவும் பயன்படுகிறது. "ஓடவில்லை" என்று பையன் சொல்லும்போது, எப்படி ஓடவில்லை என்று கேட்க வேண்டும். ஆட்டம் தொடக்கம் முதலே ஒரே சீராக மந்தமாக ஓடினால், படத்தின் தெளிவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். குறைத்தவுடன் வேகம் கூடினால் குறை கிராபிக்ஸ் கார்டில். குறைத்தும் கூடாவிட்டால் குறை பெரும்பாலும் பிராசஸரில். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது புதிய தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் விக்கி விக்கி நின்றால், ரேம் போதாமையையோ பழைய ஹார்டு டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம். இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் தளர்ந்தால் அது வெப்பம். பிராசஸர் ஏறத்தாழ நூறு டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவே பெட்டி சட்டென்று அணைந்து போனால், வெப்பத்தோடு பவர் சப்ளையையும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் "கார்டு மாத்தணும்" என்ற ஒரே மருந்தைச் சொல்வது, எல்லா நோய்க்கும் ஒரே ஊசி போடும் வைத்தியம்.

விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்றொரு பலகை உண்டு. ஆட்டம் ஓடும்போதே அதைத் திறந்து வைத்தால், எந்த உறுப்பு நூறு விழுக்காடு உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்பது தெரிந்துவிடும். காசு கொடுத்து எதையும் வாங்குமுன் அரை மணி நேரம் இதைப் பார்க்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

எங்கள் பங்கைச் சேர்ந்த கன்டெய்னர் லாரி ஓட்டுநர் ஒருவர் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம். வீடென்றால் பத்துக்குப் பத்தடியில் ஓர் அறையும் அடுப்படியும். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் ரூ. 18,000 கேட்டிருந்தான். தாயார் மகளிர் குழுவில் கடன் எடுக்கத் தயாராக இருந்தார். தந்தைக்கு விருப்பமில்லை. வீட்டில் இரண்டு வாரமாக யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பெட்டி, அலுவலகத்தில் கழித்த ஐ5 ஆறாம் தலைமுறை இயந்திரம். ரேம் 8 ஜி.பி.; அதுவும் ஒரே குச்சி. பழைய ஹார்டு டிஸ்க். ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சிறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று. பையனோ ஆர்.எக்ஸ். 580 என்னும் பெரிய கார்டைப் பழையதாக வாங்கப் பேசி முடித்திருந்தான். அந்தக் கார்டு 185 வாட் கேட்கும். பெட்டிக்குள் இருந்த பவர் சப்ளை மொத்தமே 240 வாட். கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் இணைப்பும் அதில் இல்லை. வாங்கி வந்திருந்தால் பொருத்தவே முடிந்திராது. அந்த நிறுவனப் பெட்டியில் கடைப் பவர் சப்ளையை அப்படியே மாற்றவும் இயலாது. அளவும் இணைப்பும் வேறு.

ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தோம். ரேம் முழுவதும் நிரம்பிவிட்டது. ஹார்டு டிஸ்க் நூறு விழுக்காட்டில் நின்று முனகியது. கிராபிக்ஸ் கார்டோ பாதி உழைப்பில் காத்திருந்தது. பையன்கள் இதைப் 'பாட்டில்நெக்' என்கிறார்கள். வாய் குறுகிய புட்டியைக் கவிழ்த்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கழுத்தின் அளவுக்குத்தான் வெளியே வரும் அல்லவா, அதுதான். நான் இதை விளக்க வாயெடுக்குமுன் கட்டிலில் அமர்ந்திருந்த தந்தை சொன்னார்: "தெரியுது சாமி. ஹார்பர் உள்ள புது கிரேன் வந்தா எங்களுக்கு என்ன? ஜீரோ கேட்டுல வண்டி நிக்குதே. எர்ணாவூர் வரைக்கும் லைன்ல நின்னிருக்கேன் நான்."

அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கிய 1983-க்குப் பிறகு இந்தக் கடலோரச் சாலையில் வாழ்பவர்கள், பெட்டி இறக்கும் வேகம் வேறு, வாயிலைக் கடக்கும் வேகம் வேறு என்பதைப் புகையோடும் இரைச்சலோடும் சேர்த்துப் படித்தவர்கள். ஜீன் அம்தால் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1967-ல் இதைக் கணிப்பொறிக்குரிய கணக்காகவே எழுதி வைத்தார். ஒரு வேலையின் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் உறுப்பை எவ்வளவுதான் வேகப்படுத்தினாலும், மிஞ்சுவது அந்தப் பத்தில் ஒரு பங்கே; மீதி ஒன்பது பங்கு அப்படியே நிற்கும்.

அந்த வீட்டில் நான் எதிர்பாராத கேள்வியைக் கேட்டவள் மகள். பி.காம். முடித்துவிட்டு, அதே பெட்டியில்தான் அவள் டேலி பழகுகிறாள். அரசுத் தேர்வுக்கும் படிக்கிறாள். "அவன் கார்டு வாங்கினா எனக்கு என்ன மாறும் ஃபாதர்?" என்றாள். ஒன்றும் மாறாது. ஆனால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டால், ஐந்து நிமிடம் எடுக்கும் பெட்டி அரை நிமிடத்தில் எழுந்து நிற்கும். ரேம் கூடினால் அவள் திறந்து வைத்திருக்கும் பக்கங்கள் உறையாமல் இருக்கும். கார்டு ஒருவனுக்கு, இவை இரண்டும் இருவருக்கும். ஒரே பெட்டியைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் எதை முதலில் வாங்குவது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மற்றொன்றும் எண்ண வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்கு உரியவை என்ற பட்டியலில் இல்லை. ஆகவே அந்தப் பெட்டிக்கு எஞ்சியிருக்கும் ஆயுள் நீளமானதன்று. தந்தை, "அடுத்த வண்டிக்குக் கழட்டி மாட்டற சாமான் எது, இதோட போற சாமான் எது?" என்று கேட்டார். எஸ்.எஸ்.டி. அடுத்த பெட்டிக்கும் வரும். திரை, விசைப்பலகை வரும். நல்ல பவர் சப்ளை பொது அளவினதாய் இருந்தால் வரும். டி.டி.ஆர்.4 ரேம், டி.டி.ஆர்.5 பலகையில் பொருந்தாது. ஆகவே அது வராமற்போகலாம். பிராசஸரும் தாய்ப்பலகையும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும்.

இந்தக் கடைசி விஷயத்தில் பையன்கள் ஏமாந்து போவதைக் கண்டிருக்கிறேன். இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைப் பலகைகளில் எட்டாம் தலைமுறைப் பிராசஸர் வேலை செய்யாது. இரண்டுக்கும் 1151 என்ற ஒரே எண்தான், இருந்தும் செய்யாது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 பலகை வைத்திருப்பவர்கள் இவ்வகையில் பாக்கியவான்கள். 2017-ல் வாங்கிய பலகைகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022-ல் வந்த பிராசஸரைப் பொருத்த முடிந்தது. பலகையின் பெயரை எழுதிக்கொண்டு போகாமல் பிராசஸர் வாங்கக் கடைக்குப் போகக் கூடாது.

அவ்வீட்டில் ஒரு 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும், இருந்த குச்சிக்கு இணையான பழைய 8 ஜி.பி. ரேம் ஒன்றும் வாங்குவதென்று முடிவாயிற்று. ஒரு குச்சிக்குப் பதில் ஒரே மாதிரியான இரண்டு குச்சிகள் இருந்தால், பிராசஸர் இரண்டு பாதைகளில் நினைவகத்தோடு பேசும். பதினாறுக்கு ஒன்றைவிட எட்டெட்டாக இரண்டு மேல் என்பது அதனால்தான். செலவு கேட்ட தொகையில் பாதிக்குள் அடங்கியது. குழுக்கடன் தேவைப்படவில்லை. பையனின் முகம் வாடியதை மறைப்பானேன்? அவனுடைய நண்பர்கள் யாரும் "எஸ்.எஸ்.டி. வாங்கினேன்" என்று பெருமை பேசுவதில்லையே. ஆயினும் அன்றிரவே ஆட்டம் விக்காமல் ஓடிற்று. இரவு எட்டு மணி வரை அக்காளுக்கு, அதன்பின் பத்து வரை தம்பிக்கு என்று தாயார் ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டார்.

ரேம் விலை பற்றி ஒரு குறிப்பு. 2025-ன் இறுதியில் அது திடீரென்று ஏறியது. நினைவகம் செய்யும் ஆலைகள் செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணிப்பொறி மையங்களின் பக்கம் திரும்பிவிட்டதே காரணம். அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், வீட்டுப் பயன்பாட்டுக்கான தன் 'குருஷியல்' வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. எங்கோ நடக்கும் போட்டிக்குத் திருவொற்றியூர்ப் பையன் விலை கொடுக்கிறான். ஆகவே கையிலிருக்கும் நல்ல ரேமை, வேகம் சற்றுக் குறைவு என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

திரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு நொடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கார்டு 120 படம் வரைந்தாலும் அத்தனையும் கண்ணுக்கு வந்து சேராது. பெரிய கார்டு வாங்க எண்ணுபவர் முதலில் தம் திரையின் எண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் பகுதிக்கே உரிய சங்கதிகளைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வெளியூரில் எழுதப்படும் அறிவுரைகளில் இவை இருப்பதில்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் இணைப்புகளில் படிகின்றன. பெட்டி உயிர்பெறாமல் கிடந்தால், புதிய பாகம் வாங்குமுன், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் துடைத்துப் பொருத்திப் பாருங்கள். பாதிப் பெட்டிகள் இதிலேயே எழுந்துவிடும். அடுத்தது தூசி. இராயபுரம் மக்கள் பல்லாண்டு நிலக்கரித் தூளைச் சுவாசித்தார்கள். நீதிமன்ற ஆணையால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நின்று, அது எண்ணூர்ப் பக்கம் போயிற்று. எண்ணூர் வீடுகளில் ஒரு பெட்டியைத் திறந்தால் விசிறியின் இதழ்களில் சாம்பல் பூத்திருக்கும். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதித் தூசி போக்கி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு துளி வைத்தால், புதிய பிராசஸர் வாங்கியது போன்ற மாற்றம் தெரிந்த வீடுகள் உண்டு.

மூன்றாவது மின்சாரம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஊருக்கெல்லாம் ஒளி தந்தது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் தருகிறது. அதன் நிழலிலேயே வாழும் சந்துகளில் மாலையானால் விளக்கு மங்குகிறது. வாடகை வீடுகள் பலவற்றில் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே கிடையாது. பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதாக ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அது சிரிக்க வேண்டிய செய்தியன்று. எந்தப் பாகத்தையும் வாங்குமுன் மின்பணியாளரை அழைத்து எர்த் போடச் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மறுத்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் வந்து பேசுகிறேன். கையில் எடுத்தால் காகிதம்போல் கனமற்றிருந்தும் '500 வாட்' என்று அச்சடித்த பவர் சப்ளைகளையும் நம்பாதீர்கள். மற்ற பாகங்கள் கெட்டால் தான் மட்டும் கெடும். இது கெட்டால் பலகையையும் கார்டையும் உடன் அழைத்துச் செல்லும்.

பெட்டியைத் தரையில் வைக்கவும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர், எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். வெறும் நீரில் நனைந்ததைச் சில வேளைகளில் உலர்த்திக் காப்பாற்றலாம். அந்தக் கறுப்புப் பிசினில் மூழ்கியவற்றை எதுவும் செய்ய முடியவில்லை.

வாங்கப் போவது பெரும்பாலும் ரிச்சி தெருவுக்குத்தான். விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஒரு காலத்தில் வானொலிப் பாகங்களுக்குப் பேர்போன தெரு அது. அங்கே நாணயமான கடைக்காரர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈத்தேரியம் என்னும் மின்னணு நாணயம் 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதைத் தோண்டுவதற்காக இரவுபகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அவையெல்லாம் கெட்டவை என்று சொல்லமாட்டேன். ஆனால் விசிறி தேய்ந்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும். பழைய மலிவுக் கார்டின் உள்ளே பதிந்திருக்கும் பெயரை மாற்றிப் புதியதாக விற்பதும் நடந்திருக்கிறது. 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவசச் செயலி அத்தகைய போலிகள் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். கடையிலேயே மாட்டச் சொல்லி, இருபது நிமிடம் ஆட்டத்தை ஓட்டிப் பார்த்து, ரசீதில் வரிசை எண்ணை எழுதி வாங்க வேண்டும். "அண்ணா, டைம் ஆவுது" என்று கடைப்பையன் அவசரப்படுத்தினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். அந்தத் தெருவில் கடைகளுக்கா பஞ்சம்?

கழற்றிய பாகங்களை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. செம்புக்காகக் கம்பியைத் தெருவோரத்தில் எரிக்கும் புகை நம் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் வருகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டியவை. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கொடுக்குமுன் அதிலுள்ள புகைப்படங்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். 'டிலீட்' செய்வதால் மட்டும் உங்கள் ஆதார் நகலும் வங்கித் தாள்களும் அதிலிருந்து அழிந்துவிடுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் இளைஞர் அறையின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். வேலை செய்யும் பாகங்கள் அதில் வந்தால் முதலில் வேறொரு வீட்டுக்குப் போகும். செத்தவை மட்டும் மறுசுழற்சிக்கு. இப்போதைக்கு டி.டி.ஆர்.3 வகையில் 4 ஜி.பி. ரேம் ஒன்று தேவைப்படுகிறது. பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் பெட்டி அதற்காகக் காத்திருக்கிறது.